கொக்கு இருக்கிறது, குளம் எங்கே?

1

நம்மிடையே புதிதாக ஒரு பக்தி இயக்கம் தோன்றியிருக்கிறது. அதன் தெய்வம் பறவை, கோயில் ஊர்க்குளம், பூஜைப் பொருள் மூன்று கிலோ எடையுள்ள ஒரு லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளக்கரையில் நிற்கும் பக்தர்களில் வங்கி ஊழியர்கள், பல் வைத்தியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் எல்லாரும் உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை. யாரும் எதையும் பொழுதுபோக்காகக் கொள்ளலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கு தன்னைக் கலை என்றும், அதற்கும் மேலே போய் இயற்கைக்குச் செய்யும் சேவை என்றும் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது. நம் வட்டத்துக் கவிஞர்கள் சிலர் இந்தப் படங்களுக்கு அடியில் நாலு வரி எழுதிக் கொடுத்து அதற்கு இலக்கிய அந்தஸ்தும் வழங்கிவிட்டார்கள். ஆகவே இது விமர்சனத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் நாகர்கோவிலில் இப்படியொரு கண்காட்சியைப் பார்த்தேன். நடத்தியவர்கள் யார் என்பது முக்கியமில்லை. வேறு ஊரில் வேறு யார் நடத்தினாலும் இப்படித்தான் இருந்திருக்கும். மீனைக் கவ்விய மீன்கொத்தி, சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, முட்டைகளோடு ஒரு முக்குளிப்பான் கூடு. ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் ஒரு படத்திலும் தேதி இல்லை. ஒன்றிலும் குளத்தின் பெயர் இல்லை. பாதிப் படங்களில் பறவையின் பெயர்கூட இல்லை. அதற்குப் பதிலாக 'தவம்', 'காத்திருப்பு', 'ஏகாந்தம்' என்று தலைப்புகள் இருந்தன. பக்கத்தில் நின்ற புகைப்படக்காரர் ஒருவரிடம் இது எந்தக் குளம், எந்த மாதம் என்று கேட்டேன். "படத்தைப் பாருங்க ஸார். அதெல்லாம் எதுக்கு?" என்றார். பண்பான மனிதர். உண்மையிலேயே அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

அது எதற்கு என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட பறவை வெறும் ஜோடனைப் பொருள். இப்படிப் பிய்த்தெடுப்பதில் தேர்ச்சி பெறப்பெற, குளத்தைப் பார்க்கும் சக்தியை நாம் இழக்கிறோம். யாரும் பார்க்காத குளம் தூர்க்கப்படும்போது சாட்சி சொல்ல ஆளிருக்காது. இது புகைப்படத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு நம் கவிதைக்கும் பொருந்தும்.

2

இந்தப் படங்களின் அழகியலுக்கு மூலமந்திரம் ஒன்று உண்டு: பின்னணியை மங்கலாக்கு. நீண்ட குவிதூரமும் அகலத் திறந்த துவாரமும் சேர்ந்தால் லென்ஸ் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் கரைந்து வண்ணக் குழம்பாகிவிடும். லென்ஸின் விலையில் பெரும்பங்கு இந்த மங்கலுக்காகக் கொடுப்பதுதான். இத்தனை லட்சம் கொடுத்து வாங்குவது எதைக் காட்டுவதற்கு என்று கேட்பதைவிட, எதைக் காட்டாமலிருப்பதற்கு என்று கேட்பதே சரி.

அந்த மங்கலுக்குள் என்ன இருக்கிறது என்று கருங்கலிலிருந்து சொல்கிறேன். வெளியூர் நண்பர்கள் குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று எழுதிவிடுகிறார்கள். நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். பெரிய குளங்களும் பரந்த வயல்களும் அங்கே. நாங்கள் பழைய விளவங்கோடு. இங்கே நிலம் மேடும் பள்ளமும். மேட்டில் ரப்பர், தென்னை, மரச்சீனி. பள்ளத்தில் ஏலா. ஏலாவின் தலைமாட்டில் ஒரு குளம். மாவட்டத்தில் உள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குளங்களில் பெரும்பாலானவை இப்படி, அடுத்த ஊர்க்காரனுக்குக்கூடப் பெயர் தெரியாத சிறு குளங்கள்தான். நெல் போய் ஏலாவில் வாழை வந்தது. வாழைக்காரர் மடை திறக்கக் காத்திருப்பதில்லை, மோட்டார் வைத்திருக்கிறார். மடையைத் தேடி ஆள் வராத குளத்தில் வண்டல் ஏறியது, ஆகாயத்தாமரை மூடியது, மறுகால் போன ஓடை வீட்டுமனையாயிற்று.

இன்று அப்படிப்பட்ட ஒரு குளத்தின் கரையில் நின்றால் துணி துவைக்கிற கல் தெரியும். மீன்பாசிக் குத்தகைக்காரர் கட்டிய வலை தெரியும்; நீர்க்காகங்களை விரட்ட அவர் வெடித்த வெடியின் காகிதம் தண்ணீரில் மிதக்கும். கோழிக்கடைக் கழிவைக் கட்டிப் போட்ட சாக்கு கிடக்கும். அழகுபடுத்துகிறோம் என்று எழுப்பிய கான்கிரீட் பக்கச்சுவர் இருக்கும். இவை பறவைக்குப் பின்னணி அல்ல, பறவையின் வாழ்க்கை. உள்ளான்கள் இரை தேடுவது விரற்கடை ஆழத் தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும். கரைப்புதரில் கூடு வைக்கிற கானாங்கோழி தன் கறுப்புப் பஞ்சுக் குஞ்சுகளைத் தண்ணீருக்குக் கூட்டி வர ஒரு சரிவு வேண்டும். ஆமை வெயில் காய மேலேறி வரவேண்டும். நெட்டுக்குத்தாகச் சுவர் எழும்பிவிட்டால் குளம் தொட்டியாகிவிடுகிறது. தொட்டியிலும் தண்ணீர் இருக்கும். தண்ணீர் இருப்பதால் குளம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரின் நடுவில் நிற்கும் கம்பத்தில் ஒரு நீர்க்காகம் உட்காரும். அதையும் படமெடுப்பார்கள்.

உண்ணிக்கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாட்டின் பின்னால் நடக்கிற பறவை. மாட்டின் குளம்பு பட்டு எழும் பூச்சி அதற்கு இரை. மாடு அருகிவிட்ட ஊரில் அது ஜேசிபியின் பின்னால் நடக்கிறது. இயந்திரம் மண்ணைப் புரட்டினால் புழு கிடைக்கும், அவ்வளவுதான் அதன் கணக்கு. இந்த மாவட்டத்தை ஊடறுத்துப் போகும் நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் விழுந்தபோது அந்த மண்ணின்மேல் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள் நடந்தன. தன் நீரை மூடுகிற இயந்திரத்தைப் பின்தொடர்ந்து போய் இரை பொறுக்கும் பறவை: இந்த நூற்றாண்டைப் பற்றி இதைவிட என்ன சொல்லிவிட முடியும்? நம் புகைப்படக்காரர் அங்கே நின்றால் துவாரத்தை அகலத் திறப்பார். ஜேசிபியின் மஞ்சள் ஒரு பொன்னிற ஒளிவட்டமாகக் கரையும். படத்துக்கு 'அமைதி' என்று தலைப்பு வைப்பார்.

3

கூட்டுப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரத் தழையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போவது அதன் வழக்கம். வெள்ளையாக இட்ட முட்டை நாளாக ஆகப் பழுப்பேறுவது இந்தத் தழைக்கறையால்தான். மூடாமல் போயிருக்கிறதென்றால், பெரும்பாலும் அதற்கு மூட அவகாசம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே கண்காட்சியில் நான் பார்த்த அந்தப் படம், திறந்த கூட்டில் முட்டைகள் பளிச்சென்று தெரிகிற படம், ஒரு பறவை அரண்டு ஓடியதன் ஆவணம். அடுத்த நிமிஷம் காக்கை வந்ததா என்பது சட்டகத்துக்கு வெளியே நடந்த விஷயம். அதன் கீழே தாய்மையைப் பற்றி ஒரு கவிதை ஒட்டியிருந்தது.

நீளவால் இலைக்கோழியின் விஷயம் இன்னும் விசித்திரம். பெட்டை ஒரு சேவலிடம் முட்டைகளை ஒப்படைத்துவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவல். மிதக்கும் இலைகளின்மேல் பெயரளவுக்குத்தான் கூடு; மேலே நிழல் கிடையாது. அந்தச் சேவலை மணிக்கணக்கில் கூட்டுக்கு வரவிடாமல் செய்தால் மாற்றாள் இல்லை. வெயிலில் முட்டையின் கதி என்னவாகும் என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. இந்தச் சேவலின் வால் அழகாக நீண்டிருப்பது இனப்பெருக்கக் காலத்தில்தான். ஆகவே கேமராக்கள் அதை நெருங்குவதும் அப்போதுதான்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தருகிற விளக்கத்தில் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். சட்டம் எழுதியவர்கள் கவிஞர்கள் அல்ல. ஆனாலும் சொல்லை நம்மைவிடச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸூஸன் ஸொன்டாக் 1977இல் வெளிவந்த தம் நூலில், ஆப்பிரிக்க ஸஃபாரிகளில் துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்ததைக் கவனித்து எழுதினார். நம்மவர்கள் அந்த நூலை மேற்கோள் காட்டுவார்கள், குளக்கரைக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று பதறி வருகிற பறவையைப் பிடிக்கிறார்கள். தொட்டியில் மீனை விட்டு, மேலே ஒரு குச்சியை நட்டு, மீன்கொத்தி வந்து அதில் உட்காரும்படி செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பொன்மான் என்று பெயர். ராமாயணத்தில் மானை வைத்து ஆளை ஏமாற்றினார்கள். இங்கே ஆள் பொன்மானை ஏமாற்றுகிறான். இப்படி எடுத்த படத்துக்கும் குளத்தில் எடுத்த படத்துக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பின்னணிதான் மங்கலாயிற்றே.

இந்த இடத்தில் சலீம் அலியை நினைக்கிறேன். 1933இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அப்போது எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். அந்தக் காலத்து வழக்கப்படி பறவைகளைச் சுட்டுத்தான் சேகரித்தார்கள். அதை இன்று யாரும் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஆனால் சுட்டு விழுத்திய பறவையின் காலில் ஒரு சீட்டுக் கட்டினார்கள். எந்த இடம், எந்தத் தேதி என்று அதில் எழுதினார்கள். செத்த பறவைக்கு இருந்த ஊரும் நாளும் நம் கண்காட்சியில் உயிருள்ள பறவைக்கு இல்லை.

4

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. படத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்குப் பறவைமேல் பிரியம் வரும், பிரியம் வந்தால்தான் காப்பாற்றுவார்கள் என்பது அந்தப் பதில். கேட்க நன்றாக இருக்கிறது. சரித்திரம் வேறு மாதிரி.

வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் ஏரிப் பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். புகைப்படம் எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல், பாரிஸில். கேமரா என்ற ஒன்று பிறப்பதற்கு 41 வருஷம் முன்பே ஒரு தமிழ்க் கிராமம் தன் பறவைகளுக்காக வாதாடி ஜெயித்திருக்கிறது. அவர்கள் அழகைப் பற்றி வாதாடவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை, மரம், தண்ணீர், மடை, நெல், சோறு என்று ஒரு தொடர் அவர்கள் கண்ணில் இருந்தது. அந்தத் தொடரில் எதையும் மங்கலாக்க அவர்களால் முடியாது, மங்கலாக்கினால் பட்டினி.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தையும் குஞ்சுகளின் இரைச்சலையும் மாதக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஊர் அதற்கு வெகு முன்பே முடிவு செய்துவிட்டது. பிரியம் என்பது இந்த உறவுக்கு மிகவும் சின்ன வார்த்தை. சம்பந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம், கல்யாண வீட்டில் சொல்கிற அர்த்தத்தில். படம் பார்த்து வருகிற பிரியத்துக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. அந்தப் பிரியத்துக்குக் குளமே தேவையில்லை; படம் போதும்.

5

தேதி எதற்கு என்று கேட்ட நண்பருக்கு இப்போது வருகிறேன். நான் தினமும் காலை பத்து மணிமுதல் வவுச்சர்களோடு இருப்பவன். தேதி இல்லாத வவுச்சரை எந்த வங்கியும் பாஸ் செய்யாது. அதில் எழுதியிருக்கும் தொகை பொய் என்பதற்காக அல்ல. நாளை ஒரு தாவா வந்தால் அது எதையும் நிரூபிக்காது என்பதற்காக. குளங்களுக்குத் தாவா வந்துவிட்டது.

மத்திய அரசு 2017இல் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. ஈரநிலம் எது என்று சொல்கிற இடத்தில், எவையெல்லாம் ஈரநிலம் அல்ல என்றும் அதில் ஒரு பட்டியல் உண்டு. ஆற்றுப் படுகை, நெல்வயல், குடிநீருக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலை, பாசனத்துக்கென்று கட்டிய அமைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில். அதாவது விளவங்கோட்டில் ஏலாவுக்குத் தண்ணீர் விட நம் பாட்டன் பூட்டன் வெட்டிய குளம் எதுவும் இந்த விதிகளின்படி ஈரநிலம் அல்ல. 1971இல் ஈரான் நாட்டு ராம்ஸார் நகரத்தில் கையெழுத்தான உடன்படிக்கை இயற்கையானது, செயற்கையானது என்று பேதம் பார்க்கவில்லை. அந்த உடன்படிக்கையின்கீழ் 2022இல் இந்த மாவட்டத்தின் சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. அவையும் மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள்தான். ஒரே மாதிரிக் குளம். பட்டியலில் ஏறியது ஈரநிலம், ஏறாதது வெறும் பள்ளம். ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று தமிழ்நாட்டில் 2007இல் ஒரு சட்டம் வந்தது. அது குளத்தின் எல்லையை அளக்கும். எல்லைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்காது.

தேரூருக்கு அந்த அந்தஸ்து எப்படிக் கிடைத்தது? பல வருஷங்களாகப் பலர் போய் நின்று, இன்ன தேதியில் இன்ன பறவை இத்தனை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவைகளை எண்ணும் வழக்கம் 2015இல் தொடங்கியது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி எழுதினால் போதும். அந்தப் பட்டியலில் காக்கையும் உண்டு, மைனாவும் உண்டு. அழகில்லாத பறவைக்கும் அங்கே ஒரு வரி உண்டு. இது ஜனநாயகம். கண்காட்சியில் காக்கை இல்லை.

ஊர்க்குளத்தில் நாளைக்கு மண் விழும்போது, அங்கே ஒன்றுமில்லை, வெறும் பாசி என்று ஒருவர் சொல்வார். அவருக்குப் பதிலாக 'ஏகாந்தம்' என்ற படத்தை நீட்ட முடியாது. எந்தக் குளம் என்று அவர் கேட்பார். படத்தில் பதில் இல்லை. பதில் இல்லாதபடி லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் அது.

6

நான் கேமராவுக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மா. கிருஷ்ணன் இருந்த மொழியில் அப்படிப் பேசுவது அபத்தம். அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், 1950இலிருந்து 1996இல் காலமாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். ஊர்ப்பக்கத்து அணிலும் ஓணானும் அவருக்கு யானைக்குச் சமம். தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தார். உலகமே வண்ணத்துக்குப் போனபிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவர் தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். கிருஷ்ணனுக்குப் படம் என்பது பார்த்ததன் மிச்சம். நம்மவர்களுக்குப் பார்ப்பது என்பதே படத்துக்கான முன்தயாரிப்பு. ஒரு நொடியில் இருபது படம் எடுக்கிற கருவி அந்த நொடியைப் பார்க்கும் வேலையிலிருந்து கண்ணுக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறது.

பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள கேமராவே இல்லாத ஒருவரிடம் போகலாம். கில்பர்ட் ஒயிட் இங்கிலாந்தில் ஸெல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரி. வாழ்நாளெல்லாம் அந்த ஒரு ஊரைப் பார்த்தார், கண்டதைக் கடிதங்களாக எழுதினார், 1789இல் புத்தகமாயிற்று. ஒரே பறவை என்று எல்லாரும் நினைத்திருந்த சின்னக் கதிர்க்குருவி மூன்று தனித்தனி இனங்கள் என்று அவர் பிரித்தறிந்தது பாட்டைக் கேட்டு. எவ்வளவு விலையுள்ள லென்ஸும் இந்தக் காரியத்தைச் செய்யாது. அதற்கு அதே வேலியோரம் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும். கிடைப்பதற்கு விருதும் இல்லை.

ஆகவே படம் எடுங்கள். மோசமான படமாக இருக்கட்டும். மடை தெரிகிற மாதிரி எடுங்கள். சுவர் தெரியட்டும், குத்தகைக்காரரின் வலை தெரியட்டும், சாக்கு தெரியட்டும். அடியில் தேதி போடுங்கள். கூடு இருந்தால் திரும்பிப் போங்கள்.

7

இனி நம் வீட்டு விவகாரம். இந்தப் படங்களுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்த கவி நண்பர்களை நான் ஆச்சரியத்தோடு பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்ததுபோல்தான் வந்திருக்கிறார்கள். பின்னணியை மங்கலாக்குகிற வித்தையைத் தமிழில் லென்ஸுக்கு முன்பே கற்றுக்கொண்டது புதுக்கவிதை.

1913இல் எஸ்ரா பவுண்டும் அவருடைய சகாக்களும் படிமக் கொள்கையை அச்சிட்டபோது அதன் முதல் விதி, பொருளை நேரடியாகக் கையாள வேண்டும் என்பது. 1959இல் 'எழுத்து' தொடங்கியபின் படிமம் நமக்கும் வந்து சேர்ந்தது. சிலர் அதை வைத்து நல்ல கவிதை செய்தார்கள். பின்னால் வந்த கூட்டம் படிமத்தை வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது. கவிதையில் ஒரு கொக்கு நின்றால் அது தனிமை. மீன்கொத்தி பாய்ந்தால் அது மரணம். குளம் என்றால் மனம். கொக்குக்குச் சொந்தமாக ஒரு ஜோலி இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

எந்தக் கொக்கு? என் கேள்வி இவ்வளவுதான். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சளாக இருப்பது சின்ன வெள்ளைக்கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனை வெளியே கிளப்பும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள்; அது தண்ணீரைவிடப் புல்லையே அதிகம் நாடும். மடையான் மண் நிறத்தில் கரையோடு கரையாக உட்கார்ந்திருக்கும். எழுந்து பறந்தால் சடாரென்று வெள்ளை. மூன்றும் மூன்று வாழ்க்கை. தனிமைக்கு நீங்கள் வைத்த கொக்கு உண்ணிக்கொக்கென்றால் உங்கள் கவிதை பொய். அது கும்பலாகத் திரிகிற பறவை. விமர்சகனாக இதைவிடத் துல்லியமாக ஒரு கவிதையை நிராகரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இது விஞ்ஞானத்தைக் கவிதைக்குள் திணிப்பது என்று சொல்வார்கள். கபிலரிடம் சொல்லிப் பாருங்கள். குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில் களவு மணத்துக்குச் சாட்சியாக ஒரு குருகு நிற்கிறது. அது காதலர்களைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கால் எந்தப் பயிரின் தாளைப்போல இருக்கும் என்பதுகூடக் கவிஞனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் துயரம் முழுவதும், சாட்சிக்கு வேறு ஜோலி இருந்தது என்பதில்தான் நிற்கிறது. மீனை மங்கலாக்கினால் கவிதை செத்துவிடும். பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்று ஒரு புத்தகம் எழுத முடிந்ததே அந்தக் கவிஞர்கள் பார்த்து எழுதியதால்தான். நம் காலத்துக் கவிதைகளை வைத்துக்கொண்டு நாளை ஒருவர் அப்படியொரு புத்தகம் எழுத முயன்றால் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு இனம்: 'பறவை'.

உரைநடைக்காரர்களும் தப்ப முடியாது. 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. எங்கள் மாவட்டத்து நாவல். அந்த மரம் என்னவாக நிற்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பேசியாயிற்று. மரத்தைச் சுற்றி முதலில் ஒரு குளம் இருந்ததையும், மகாராஜாவின் வருகையின்போது நாற்றத்தின் பொருட்டு அது தூர்க்கப்பட்டதையும் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். நாவலாசிரியர் குளத்தை மங்கலாக்கவில்லை. வாசித்த நாம் மங்கலாக்கினோம். அன்று ராஜாவின் மூக்குக்காகக் குளம் போயிற்று. இன்று நம் கண்ணுக்கு இதமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சுவர் எழும்புகிறது.

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். முந்நூறு பேருக்கும் ஊர் உண்டு. பெரும்பாலோர் ஊரில் இன்னும் ஒரு குளமாவது மிச்சம் இருக்கும். மாதத்தில் ஒரு நாள், அதே குளம், அதே கரை, கால் மணி நேரம். தேதி, நேரம், தண்ணீர் எந்தப் படிக்கட்டுவரை நிற்கிறது, என்ன பறவை, எத்தனை, அது என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் கரையில் துணி துவைக்கிறவரிடமும் வலை போடுகிறவரிடமும் கேளுங்கள். ஊர்ப்பெயர் கிடைக்கும், அது பட்டியலில் இல்லாத பெயராகக்கூட இருக்கும். மூன்று வருஷம் எழுதினால் அது ஒரு ஆவணம். அதை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கலாம். கவிதை எழுதவும் லாயக்கு வந்திருக்கலாம்.

என்மேல் கோபப்பட்டு அடுத்த இதழுக்கு எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். எந்தக் குளத்தங்கரையிலிருந்து, என்ன தேதியில் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் மேலே குறிப்பிட்டுவிடட்டும்.